சாயப்பட்டறைக்குள் இறங்கி வருகிற கூட்டாளி

(கோவையில் பம்ப்செட் கண்காணிப்புக் கருவிகள் செய்து விற்கும் சிறுநிறுவனத்தை நடத்திவரும் பெண்மணி ஒருவர் வாசகர்களின் தொழில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 34 வயது. வேதியியல் படித்துவிட்டு 11 வருடமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜாக இருக்கிறேன். எங்கள் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலிருந்து இறங்கும் தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில்தான் சேர்கிறது. உப்பு கரைந்த சாயத் தண்ணீரும், கிட்டத்தட்ட தெளிவாக வரும் கடைசி அலசல் தண்ணீரும் கலந்தே சுத்திகரிப்புக்குப் போகின்றன. மெஷினின் வடிகால் வாயிலேயே உப்பை அளந்து, அதற்குத் தகுந்தபடி வால்வைத் திருப்பி, தண்ணீரைப் பிரித்து அனுப்பும் கருவி ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. கையில் இரண்டு லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஒரு இன்ஜினியர் 60 சதவீதப் பங்கு கேட்கிறார். ஒரு ஐ.டி. கம்பெனி ஆறு லட்சம் கொடுத்தால் ஆப் செய்து தருவதாகச் சொல்கிறது. டெக்னிக்கல் கூட்டாளியை எங்கே தேடுவது? எவ்வளவு பங்கு கொடுப்பது? யோசனையை வெளியே சொன்னால் திருடிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தங்கச்சி. என் அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த அணை அது. சில வருடங்களிலேயே அதில் சாயக்கழிவு தேங்க ஆரம்பித்தது. மாமா வீட்டுக் கிணறு கரித்தது. தென்னைகள் ஓலை காய்ந்து நின்றன. அப்புறம் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது, எங்கள் தெருவிலிருந்து பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். விவசாயி, தொழிலாளி இரண்டு பேர் கண்ணீரையும் பார்த்தவள் நான். அதனால் இந்தக் கருவி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். திருப்பூரில் இப்போது கழிவை ஆற்றில் விடக் கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தனி நிலையங்களிலும் ஆர்.ஓ. வழியாக நல்ல தண்ணீரைப் பிழிந்து எடுத்துவிட்டு, மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் நீராவி வைத்து வற்ற வைக்கிறார்கள். செலவு ஏறும் இடம் அந்த நீராவிதான். லேசான தண்ணீரைக் கனமான உப்புத் தண்ணீரோடு கலந்துவிட்டால், பிரிக்க வேண்டிய மொத்தமும் பெரிதாகிவிடுகிறது. வாசகி சொல்வது அதைத் தொடக்கத்திலேயே தடுப்பது பற்றி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 60 சதவீதம் கேட்பவரையும் ஆறு லட்சம் கேட்பவரையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவர்கள் கேட்கும் தொகையைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. இரண்டு பேரில் யாராவது உங்கள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் காரணம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2009-ல் நான் தொடங்கியபோது என் முதல் கூட்டாளி கெட்டிக்காரர். ஒரு கல்லூரி விழாவில் அறிமுகமானவர். அரை மணி நேரப் பேச்சில் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்து, கம்பெனியைப் பதிவு செய்து, பங்குகளை அன்றைக்கே பிரித்துக்கொண்டோம். 14 மாதத்தில் அவருக்குப் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பாதிக் கம்பெனி அவர் பெயரில் நின்றது. புரோகிராம் அவருடைய லேப்டாப்பில் இருந்தது. தோட்டங்களில் மாட்டியிருந்த 60 கருவிகளின் சிப்பில் இருப்பதை எங்களால் திரும்பப் படிக்க முடியாதபடி பூட்டு விழுந்திருந்தது. பழுது என்று விவசாயி போன் செய்தால், கழற்றிக்கொண்டு வந்து பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஒரு வருடம் என் நகைகளில் பாதி போயிற்று.

இரண்டாவது கூட்டாளி ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர். டிப்ளமோ படிப்பு. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் கருவி திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். வந்தார், மல்டிமீட்டரோடு ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கருவியைத் தொடுவதற்கு முன்னால் தோட்டக்காரரிடம் ராத்திரி வோல்டேஜ் எப்படி இருக்கும், மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், பெட்டிக்குள் எறும்பு, பல்லி வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பல்லிதான் காரணம். ரிலேவின் சூட்டுக்கு வந்து ஒண்டி, கருகி, ஷார்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஐம்பது ரூபாய் ரப்பர் வளையத்தில் பிரச்சினை தீர்ந்தது. அவர்தான் இன்றுவரை என் கூட்டாளி. அவரோடு பங்குப் பேச்சு தொடங்கியது அதற்கு எட்டு மாதம் கழித்து.

அதனால் என் வழி இதுதான்: ஆளைத் தேடுவதற்கு முன்னால், அந்த ஆள் வந்து பார்க்கும்படியான ஒன்றை நீங்கள் செய்து வைக்க வேண்டும். அதற்கு எலக்ட்ரானிக்ஸ் தேவையில்லை. “எனக்கு டெக்னிக்கல் தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை அடித்துவிடுங்கள். வடிகால் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த நீங்கள் பாதி டெக்னிக்கல். உங்களிடம் இல்லாத மறுபாதி, அளப்பதும் வால்வைத் திருப்புவதும்.

உங்கள் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு முப்பது லாட்டுக்கு (மெஷினில் ஒரு தடவை போடும் துணி ஒரு லாட்) கையால் அளந்து நோட்டில் எழுதுங்கள். சாயத் தொட்டி வடியும்போது, முதல் அலசல், இரண்டாம் அலசல், அசிட்டிக் அமிலம் போட்ட பிறகு, சூடான சோப்பிங் முடிந்த பிறகு, கடைசி அலசல் என ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு பாட்டில். எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி, என்ன ஷேடு (நிறம்), கடத்துதிறன் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு கூடினால் இதுவும் கூடும்) எவ்வளவு என்று குறியுங்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) காட்டும் பாக்கெட் பேனாவை நம்ப வேண்டாம். பெரும்பாலானவை பத்தாயிரம் பி.பி.எம்.மை, அதாவது லிட்டருக்குப் பத்து கிராமைத் தாண்டி அளக்காது, அடர்ந்த ஷேடுக்கு நீங்கள் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்புப் போடுகிறீர்கள். லேப் மீட்டரிலேயே அளங்கள், தேவைப்பட்டால் பத்து மடங்கு நீர்த்து அளங்கள். சூட்டையும் மறக்காதீர்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கடத்துதிறன் ஏறும். 60 டிகிரியில் அப்படியே அளந்தால், 25 டிகிரியில் காட்டுவதைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கிளாபர் உப்புக்கும் (சோடியம் சல்பேட்) சாதா உப்புக்கும் கடத்துதிறனிலிருந்து டி.டி.எஸ். கணக்கிடும் எண் வேறு வேறு. எந்த லாட்டில் எந்த உப்பு என்பதையும் எழுதி வையுங்கள்.

முப்பது லாட் முடிந்ததும் உங்கள் கையில் ஒரு படம் இருக்கும். உப்பில் பெரும்பகுதி சாயத் தொட்டியிலும் முதல் ஓரிரு அலசலிலும் போய்விடுகிறது, அப்புறம் சட்டென்று இறங்குகிறது என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். எந்த லிட்டரில் இறங்குகிறது என்று எண்ணோடு காட்டும்போது அது வேறு மாதிரி. ஒரு நல்ல இன்ஜினியரை உட்கார வைப்பது அந்த நோட்டுதான். “ஆற்றைக் காப்பாற்றலாம் வாங்க” என்றால் நல்லவர்கள் தலையாட்டுவார்கள். “இந்த வளைவு 14-வது நிமிடத்தில் ஏன் இப்படி விழுகிறது?” என்று கேட்டால், அந்த வேலைக்கென்றே பிறந்தவர் அன்று ராத்திரி தூங்க மாட்டார்.

இனி எங்கே தேடுவது. உங்களுக்கு ஆப் செய்பவர் வேண்டாம். இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவுக் கருவி வேலை தெரிந்தவர் வேண்டும், அதுவும் அழுக்குத் தண்ணீரில் வேலை பார்த்தவர். சாதா எலக்ட்ரோடை உங்கள் வடிகாலில் வைத்தால் சில நாளில் சாயமும் பஞ்சும் படிந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். உலோகம் தண்ணீரைத் தொடாமல், உள்ளே மூடி வைத்த சுருள் வழியாக அளக்கும் சென்சார் இருக்கிறது, விலை அதிகம். இரண்டையும் கழற்றிக் கழுவிப் பார்த்த கை உங்களுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஸ்டார்ட்அப் கூட்டங்களில் குறைவாகவே கண்ணில் படுகிறார்கள். உங்கள் சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் பி.எல்.சி.யை (மெஷினை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) சரிபார்க்க வரும் சர்வீஸ் இன்ஜினியர் யார்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ராத்திரி ஷிஃப்டில் மீட்டர்களைப் பார்ப்பவர் யார்? பத்து வருடம் அடுத்தவர் மெஷினைச் சரிசெய்து, சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஏக்கத்தோடு இருப்பவர்கள் அங்கேதான் அதிகம். அப்புறம் பாலிடெக்னிக் ஆசிரியர்களைப் பாருங்கள், எந்த மாணவன் கைவேலைக்காரன் என்று அவர்களுக்குப் பெயரோடு தெரியும். கோவையில் பி.எஸ்.ஜி.-ஸ்டெப், ஃபோர்ஜ் போன்ற, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர்கள் இருக்கின்றன. நோட்டோடு போனால் ஆள் அறிமுகமும் கிடைக்கும், பட்டறைக் கருவிகளும் கிடைக்கும்.

ஆள் கிடைத்ததும் பங்கு பேசாதீர்கள். எட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஒரே மெஷின், ஒரே சென்சார், வால்வு வேண்டாம், பத்து லாட்டுக்குத் தானாகப் பதிவாக வேண்டும், உங்கள் லேப் அளவோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் இரண்டு லட்சத்திலிருந்து அதற்குக் கூலி கொடுங்கள், இலவசமாக வாங்காதீர்கள். அந்த நாட்களில் அவரைக் கவனியுங்கள். லாட் ராத்திரி இரண்டு மணிக்கு வடிகிறது என்றால் வருகிறாரா? தெரியாததைத் தெரியாது என்கிறாரா? மெஷின் ஓட்டுகிற அண்ணன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா? சென்சார் செத்த அன்று யார்மேல் பழி போடுகிறார்? அவருக்கும் உங்களைப் பற்றிப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கும். சொன்ன நாளில் மாதிரித் தண்ணீர் எடுத்து வைத்தீர்களா, பணம் கொடுத்தீர்களா என்று அவரும் பார்ப்பார்.

இந்த எட்டு வாரத்துக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும். நான் அடிபட்ட இடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் புரோகிராம் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதினால் அது அவருக்கே சொந்தம், நீங்கள் காசு கொடுத்திருந்தாலும். எழுத்தில் மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்குத்தான், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். இதே காரணத்துக்காக, நீங்கள் சம்பளத்தில் இருக்கும் பட்டறையிலிருந்தும் “இந்தக் கருவியில் எங்களுக்கு உரிமை இல்லை” என்றோ, என்ன உரிமை உண்டு என்றோ கடிதம் வாங்கி வையுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டிய கடிதம் அது.

பங்கு எவ்வளவு? உங்கள் விஷயத்தில் அவர் நிஜமான கூட்டாளி என்றால் 40-லிருந்து 50-க்குள் கொடுப்பேன். பத்துப் பதினைந்து கொடுத்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வரச் சொல்வது நியாயம் இல்லை. 60 கேட்பதும் அதே அளவுக்கு நியாயம் இல்லை, பிரச்சினையைக் கண்டவரும் வாடிக்கையாளரை அறிந்தவரும் நீங்கள். எண்ணைவிட முக்கியம், அந்தப் பங்கு எப்படி அவருக்கு நிலைக்கிறது என்பது. நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்பது வழக்கமான ஏற்பாடு. நம் ஊர் கம்பெனிகளில் பெரும்பாலும் பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, விலகினால் நிலைக்காத பகுதியை மற்றவர் முகமதிப்புக்கே, அதாவது பங்கில் குறித்த விலைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நிறுவனர் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். இது உங்களுக்கும் பொருந்த வேண்டும், அவருக்கு மட்டும் என்றால் கையெழுத்து வாங்காதீர்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் எப்படியும் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். சமமாகப் பிரித்தால், எந்த விஷயத்தில் யார் சொல்வது முடிவு என்பதையும் எழுதுங்கள். இதற்கு வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறதா, எத்தனை மாதம் சம்பளம் இல்லாமல் தாங்குவார் என்பதையும் நேராகக் கேளுங்கள், உங்களுடையதையும் சொல்லுங்கள். மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் வரை கிடைக்கும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் திட்டமும் இருக்கிறது, பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் அதில் தனிக் கவனம் உண்டு. விண்ணப்பிக்கும்போது அந்தச் சுற்றின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

திருட்டுப் பயம் பற்றி. தண்ணீரைப் பிரித்து அனுப்புவது நல்லது என்பது திருப்பூரில் ரகசியம் இல்லை. மெஷின் வாயில் நம்பகமாக, மலிவாகச் செய்வதுதான் கடினம். அதை நோட்டு இல்லாதவரால் எளிதில் செய்ய முடியாது. வால்வைத் திருப்பும் முறையில் உண்மையிலேயே புதியது ஒன்று கிடைத்தால், அதை மட்டும் வெளியே சொல்லும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. மற்றதைத் தாராளமாகப் பேசுங்கள், பேசாமல் ஆள் கிடைக்காது.

முப்பது லாட் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்க்க என் கூட்டாளியும் வருவார்.

கேள்வி: நான் சென்னையில் எம்பெடட் இன்ஜினியர். கல்லூரி நண்பன் அடுக்ககங்களுக்கான உரத் தொட்டி தொழில் ஆரம்பிக்கிறான். வேலையை விட்டு வந்தால் 5 சதவீதம் தருகிறேன், கோ-ஃபவுண்டர் என்று போட்டுக்கொள் என்கிறான். போகலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: முழு நேரமும் வந்து, சம்பளமும் இல்லாமல், 5 சதவீதம் என்றால் அது கோ-ஃபவுண்டர் இல்லை, தம்பி. சம்பளத்தோடு முதல் ஊழியர் என்றால் அது வேறு கணக்கு, அதைச் சம்பளத்தோடு பேசுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். நண்பரோடு ஒரு அடுக்ககத்துக்குப் போய், இரண்டு வாரம் அந்தத் தொட்டியைத் தினமும் கிளறுங்கள். ஈரம் 50, 60 சதவீதத்தைத் தாண்டினால் காற்று புகாமல் நாறும், குறைந்தால் மக்காது. சென்னையில் ஐப்பசி மழையில் அந்த ஈரம் என்ன ஆகும், சாம்பார் மிச்சம் கொட்டும் வீடுகளில் என்ன ஆகும் என்று மூக்கால் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் வருகிற நண்பராக இருந்தால் பங்கைத் திரும்பப் பேசலாம். இரண்டாவது நாளே உங்களை மட்டும் அனுப்பினால், வேலையை விடாதீர்கள்.

கேள்வி: காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறோம். கந்தகப் புகை போடாமல் கொப்பரை காய வைக்க சோலார் உலர்த்தி செய்து விற்க ஆசை. என் தம்பி பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறான், அவனையே டெக்னிக்கல் கூட்டாளியாகச் சேர்க்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள்.
— வாசகர், காங்கேயம்

பதில்: பாதிக்குப் பாதி ஈரமாக இருக்கும் பருப்பை 6 சதவீதத்துக்குக் கொண்டு வர வேண்டும், பூஞ்சை பிடிக்கும் முன்னால். இது காற்றோட்டமும் சூடும் தகரமும் சேர்ந்த வேலை. உங்களுக்கு வேண்டியவர் ஃபேப்ரிகேஷன் தெரிந்தவர், சாஃப்ட்வேர் இதில் பிறகு வரும். தம்பி நல்ல பிள்ளையாகவே இருப்பார், ஆனால் வீட்டில் சொன்னதற்காகச் சேர்ந்தவரை, வேலை சரியில்லை என்று பின்னால் விலக்கவும் முடியாது, பொங்கலுக்கு முகம் பார்க்கவும் முடியாது. அவர் பணம் தர விரும்பினால் கடனாக எழுதி வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சூரியக் கூடார உலர்த்தி பற்றி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய் ஒன்று ஓடுவதைப் பாருங்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரையும் கூடவே கூட்டிப் போங்கள். திரும்பி வந்து, தை வெயில் ஏறுவதற்குள் நூறு காய் உடைத்து, பாதியைக் களத்திலும் பாதியைச் சின்னக் கூடாரத்திலும் காய வைத்து, காலை மாலை எடை போட்டு எழுதுங்கள். அந்த எடையைப் பார்க்கக் கூப்பிடாமலே காலையில் வந்து நிற்கிறாரா அந்தப் பட்டறைக்காரர் என்று பாருங்கள்.